இரண்டு மீட்டருக்குள்

கிராம நிர்வாக அலுவலகம்,
கருவேலம்பட்டி, அன்னவாசல் வழி.
12.08.2024

அன்புள்ள தம்பி அறிவுக்கு அக்கா எழுதுவது.

நான், மாமா, பாப்பா மூவரும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். அந்தக் குளிரில் உனக்கு மூக்கில் ரத்தம் வந்தது நின்றதா? போன மாதம் சாட்டிலைட் போனில் நீ பேசிய நான்கு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் "கேக்குதா, கேக்குதா" என்றே போய்விட்டது. மீதி ஒரு நிமிஷம் மாமா வாங்கிப் பேசிவிட்டார். அதனால்தான் கடிதம்.

ஒரு விஷயம் கேட்கிறேன், சிரிக்காதே. கைத்துப்பாக்கி வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? பட்டாளத்தில் நாள் முழுக்க அதைத்தானே கழற்றி மாட்டுகிறாய். உன்னைவிட்டால் எனக்கு யாரைத் தெரியும். போன வருஷம் கிராவல் லாரிகளைப் பிடித்துக் கொடுத்தேன் இல்லையா, அந்த ஆட்கள் இன்னும் என்னென்னவோ பேசிக்கொண்டு திரிகிறார்கள். வி.ஏ.ஓ.க்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சங்கத்திலும் பேச்சு அடிபடுகிறது. லைசென்சுக்கு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

பதிலைக் கீரனூர் வீட்டுக்குப் போடாதே. இந்த ஆபீஸ் முகவரிக்கே போடு. அங்கே தபால்காரர் மாறிவிட்டார், ஒன்றும் ஒழுங்காக வருவதில்லை. மாமாவுக்கு இது தெரிய வேண்டாம். வீணாக மனசைப் போட்டு உழப்பிக்கொள்வார்.

கம்பளியைக் கழற்றாதே. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வேலை பார்க்காதே.

உன் அக்கா,
இசைவாணி


மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
29.08.2024

அக்காவுக்கு,

மூக்கு சரியாகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் வருவதுதான். நீங்கள் மூன்று பேரும் நலம் என்று படித்தேன், சந்தோஷம்.

சிரிக்காதே என்றாய். சிரித்துவிட்டேன். ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுக்கும்போது பிளாஷ் அடித்ததற்கே கண்ணை மூடின ஆள் நீ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரன் முதலில் மினுமினுப்பாக ஒரு பிஸ்டலை எடுத்துக் காட்டுவான். வாங்காதே. பிஸ்டலில் தோட்டா ஏற வேண்டுமென்றால் மேல்தகட்டைப் பின்னால் இழுத்துவிட வேண்டும், அதற்கு இரண்டு மணிக்கட்டிலும் பலம் வேண்டும். தோட்டா சிக்கிக்கொண்டால் எடுத்துவிடத் தெரிய வேண்டும். பதற்றத்தில் உனக்கு அது வராது. ரிவால்வர் அப்படியில்லை. ஆறு ஓட்டை, ஒரு உருளை, அமுக்கினால் சுடும். ஆனால் அதன் டிரிகர் கனம். ஏறக்குறைய ஐந்து கிலோ இழுப்பு.

அதனால் ஒரு சோதனை செய். வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீர் பிடி. கைப்பிடியை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் மாட்டித் தூக்கு. எத்தனை விநாடி தாங்குகிறது என்று இரண்டு கைக்கும் தனித்தனியாக எழுது.

இன்னும் ஐந்து கேள்வி இருக்கிறது. "பயமாக இருக்கிறது, துப்பாக்கி வேண்டும்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். எனக்கு அளவு வேண்டும். எத்தனை மீட்டரில் சுடுவாய்? வெளிச்சம் எப்படி? அதை எங்கே வைத்திருப்பாய்? ஆள் வருவது தெரிந்ததிலிருந்து உன் முன்னால் வந்து நிற்கும்வரை உனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? அவனுக்குப் பின்னால் என்ன இருக்கும்? தோட்டா உடம்போடு நின்றுவிடாது, அதனால் கேட்கிறேன்.

கதை வேண்டாம். எண்ணாக எழுது.

மாமாவைக் கேட்டதாகச் சொல். என்னைக் காலை நான்கு மணிக்கு எழுப்பி, திருச்சி ரோட்டில் ஓடவிட்டுப் பட்டாளத்துக்கு அனுப்பிய மனுஷன். இங்கே ஒவ்வொரு ஏற்றத்திலும் அவர் விசில் சத்தம்தான் காதில் கேட்கிறது.

அறிவுச்செல்வன்


கருவேலம்பட்டி
20.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தொரு நாள் கழித்து நேற்றுத்தான் வந்தது. ஜலதோஷம் பிடித்திருக்கிறதா? எழுத்து ஆடியிருக்கிறது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. மாமா நலம்.

வாளிச் சோதனையை ஆபீசிலேயே செய்தேன். தலையாரி முனியசாமி அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, கொளாயில தண்ணி வரலையா" என்றார். வலது விரல் இரண்டு விநாடி. இடது விரல் ஏழு விநாடி. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. போன வாரம் ஆபீஸ் படியில் சறுக்கிவிட்டேன். அதனால் இடது கைக்கு ஏற்றதாகப் பார்.

உன் ஐந்து கேள்விக்கும் அளந்து எழுதுகிறேன்.

தூரம், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே உள்ளதுதான். பாப்பாவின் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு மீட்டர் தொண்ணூறு. சில சமயம் அதற்கும் குறைவாக இருக்கும்.

வெளிச்சம், ஜீரோ வாட் பல்பு. பச்சை நிறம்.

அரிசி டிரம்மில் வைப்பேன். அதில் வேறு யாரும் கை விடுவதில்லை.

நேரம் ஒன்றரை நிமிஷம். வண்டி வந்து நிற்கும் சத்தம், ஸ்டாண்டு போடும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், வாசல் குழாயில் கால் கழுவும் சத்தம். அதற்கப்புறம் கதவு.

அவருக்குப் பின்னால் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா படுத்திருப்பாள். அதனால் குறி தப்பக் கூடாது. இதை மட்டும் நன்றாக யோசித்துச் சொல், தம்பி.

வேறு விசேஷம் இல்லை. இந்த வருஷம் மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

அன்புடன் அக்கா


மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
08.10.2024

அக்காவுக்கு,

நலம். பாப்பா காய்ச்சல் போய்விட்டதே, நல்லது.

எண்ணாக எழுது என்றேன், எழுதியிருக்கிறாய், பாராட்டுகிறேன். ஆனால் எண்கள் எல்லாம் தப்பு. நீ எழுதியதை இங்கே துப்பாக்கிப் பட்டறையில் இன்னொரு ஆர்மரருக்குப் படித்துக் காட்டினேன். எந்த ரவுடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குழாயில் கால் கழுவிவிட்டு உள்ளே வருகிறான்? லாரிக்காரனை என்ன விருந்துக்கா கூப்பிட்டிருக்கிறாய்? படுக்கையறைக் கதவுவரைக்கும் அவன் வரும்வரை நீ என்ன செய்துகொண்டிருப்பாய்? வாசல் கதவை யார் திறந்துவிட்டது? மாமா எங்கே போனார்? இதையெல்லாம் யோசிக்காமல் துப்பாக்கி வாங்கிப் பிரயோஜனம் இல்லை. முதலில் படுக்கையறைக்கு உள்தாழ்ப்பாள் போடு. நான்கு இஞ்ச் திருகாணி, கனமான இரும்புப் பட்டை. துப்பாக்கியைவிட அது நம்பகமானது.

அப்புறமும் வேண்டும் என்றால், பாயிண்ட் த்ரீ டூ ரிவால்வர், குட்டைக் குழல். சாமானிய ஜனங்களுக்கு லைசென்ஸ் தருகிற அளவில் அதுதான் சரி. பாயிண்ட் டூ டூ இன்னும் லேசு, பெண்களுக்கு என்று சொல்லி விற்பார்கள். வேண்டாம். இடது கை என்றால் ரப்பர் பிடி போட்டுக்கொள்.

துப்பாக்கி வரும்வரை கையைப் பழக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, கையை நேராக நீட்டி, சுவர்க் காலண்டரில் ஒரு தேதியைக் குறி பார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. இருபது எண்ணு. தினம் பத்துத் தடவை. பாட்டில் தண்ணீர் அலையாமல் நிற்கும் அன்றைக்கு எழுது.

படியில் சறுக்குவது எப்படி? கண்ணை எங்கே வைத்து நடக்கிறாய்? எக்ஸ்ரே எடு.

அறிவு


கருவேலம்பட்டி
02.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளிக்குப் பாப்பா உன் பேரைச் சொல்லி ஒரு மத்தாப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். நீ வந்துதான் கொளுத்த வேண்டுமாம். உனக்கு அங்கே வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறதா?

பாட்டில் தண்ணீர் இப்போது அலைவதில்லை. ஆபீசில் பழைய அடங்கல் கணக்குக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அறையில் நின்று பழகுகிறேன். தேதிகளை விட்டுவிட்டுச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கிறேன். இருபது என்றாய், நாற்பது எண்ண முடிகிறது. முனியசாமி அண்ணன், "அம்மா, தண்ணிய வச்சு யாருக்குச் சாபம் விடுறீங்க" என்று கேட்கிறார்.

கலெக்டர் ஆபீசில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். டாக்டர் சான்றிதழும் வாங்கியாயிற்று. இனிப் போலீஸ் விசாரணைதான். வீட்டுக்கு வந்து குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவார்களாம். ஆபீஸ் முகவரியிலேயே விசாரணையை முடிக்க வழி இருக்கிறதா? உன் ஆபீசர்கள் யாரையாவது கேட்டுச் சொல்.

தாழ்ப்பாள் இருந்தது. பாப்பா உள்ளே மாட்டிக்கொள்வாள் என்று மாமா கழற்றிவிட்டார்.

அறிவு, டிசம்பரில் உனக்கு லீவு கிடைக்குமா? பத்து நாள் போதும். ஐந்து நாள்கூடப் போதும். அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். நேரில் வந்தால் எல்லாம் சொல்வேன். எழுத்தில் வரவில்லை.

மாமாவுக்கு மட்டும் இதைப் பற்றி எழுதிவிடாதே. திரும்பவும் சொல்கிறேன்.

அக்கா


மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
24.11.2024

அக்காவுக்கு,

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. கணவாய் மூடியாயிற்று. ஏப்ரல்வரை யாரும் இறங்க முடியாது. அடிபட்டவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும்தான் ஹெலிகாப்டர். தபால் பையும் அதில்தான் போய் வருகிறது. மத்தாப்பை ஈரம் படாமல் வைக்கச் சொல்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ நடந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒரு ஆயுதம் வரப்போகிறது, வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? விபத்து எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. யாருக்கும் சொல்லாமல் வாங்குவது, அரிசிக்குள் ஒளித்துவைப்பது, ஒருநாள் பிள்ளை கையில் அகப்படுவது. விசாரணைக்கு வரும் ஏட்டையாவிடம் மாமா திருதிருவென்று முழித்தால் விண்ணப்பம் அன்றோடு குப்பைக்குப் போய்விடும்.

அதனால் மாமாவுக்கு எழுதிவிட்டேன். இதோடு சேர்த்து இன்னொரு கவர் போகிறது. நீ கோபப்படுவாய். படு. துப்பாக்கி வந்த பிறகு எனக்கு நன்றி சொல்வாய்.

கையைப் பழக்குவதை நிறுத்தாதே.

அறிவு


மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
24.11.2024

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்த வருஷம் மண்டல விளையாட்டில் உங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்களா? இங்கே நான் நலம். பதினெட்டு கிலோ சுமையோடு ஏற்றம் ஏறினேன், உங்களால்தான்.

ஒரு விஷயம். அக்கா உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க, உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான் மறைத்திருக்கிறாள். லாரிக்காரர்களுக்குப் பயந்து ரிவால்வர் லைசென்சுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நான்தான் மூன்று மாதமாக யோசனை சொல்கிறேன். ஆபீசில் கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள், நன்றாகவே வந்திருக்கிறது. போலீஸ் விசாரணைக்கு வரும்போது நீங்கள் கூட இருந்து, ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்க.

அரிசி டிரம்மில் வைக்கப் போவதாகச் சொல்கிறாள். அது சரிப்படாது. நீங்களே சாவியோடு ஒரு இரும்புப் பெட்டி வாங்கி, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்க. படுக்கையறைத் தாழ்ப்பாளையும் பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் போட்டுக் கொடுங்க.

அவளுக்கு இருக்கிற தைரியம் நீங்கள்தான். பார்த்துக்கொள்ளுங்க.

உங்கள் மைத்துனன்,
அறிவுச்செல்வன்


கீரனூர்
15.12.2024

அன்பு மாப்பிள்ளை அறிவுக்கு,

கிறிஸ்துமஸுக்குப் பிறக்கப் போகும் பாலன் உன்னைப் பனியிலும் காப்பாராக. முழங்காலைக் கேட்டிருந்தாய், சந்தோஷம். உன் வயசில் என்னிடம் ஓடிய பையன்களில் என் உடம்பைக் கேட்கிறவன் நீ ஒருத்தன்தான்.

உன் கடிதத்தைப் படித்தேன். நல்ல வேளை எழுதினாய். ரிவால்வரா, பிஸ்டலா என்று நீ ஆராய்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தேன். நான் இருக்கும்போது இந்த வீட்டில் துப்பாக்கி எதற்கு மாப்பிள்ளை? விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டோம். உன் அக்காவுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை. இல்லாததையெல்லாம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாள். ஆபீசுக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். போனும் கொஞ்ச நாள் வேண்டாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். ஓய்வுதான் மருந்து.

அரிசி டிரம்மைப் பார்த்தேன். உன் கடிதங்கள் அதற்குள்தான் இருந்தன. அந்த ஐந்து கேள்வி அருமையான கேள்விகள். உன் மூளைக்கு நீ இன்ஜினியராகியிருக்க வேண்டும். அவள் என்ன பதில் எழுதினாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்தக் கடிதங்கள் உன்னிடம் இருந்தால் அனுப்பி வை. டாக்டரிடம் காட்டுவதற்கும் உதவும்.

அவளால் இப்போது எழுத முடியாது. நான் எழுதினால் என்ன, அவள் எழுதினால் என்ன.

அன்புடன்,
பீட்டர்


மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
08.01.2025

அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன். விடுப்பு முடிந்து வந்ததும் உன் கையில் கிடைக்கும்.

மாமா கடிதம் வந்தது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். டிசம்பரில் எனக்குப் போன் முறை வந்த நாளில் வீட்டுக்குப் போட்டேன். மாமா எடுத்தார், நீ தூங்குவதாகச் சொன்னார். அப்போது பகல் பதினொரு மணி.

ஒன்று மட்டும் இடிக்கிறது. துப்பாக்கி வந்தால் அரிசிக்குள் வைப்பேன் என்றாய், சரி. என் கடிதங்களை ஏன் அரிசிக்குள் வைத்தாய்? அதில் எந்த லாரிக்காரன் வந்து கையை விடப்போகிறான்?

உன் கடிதங்களை மாமா கேட்கிறார். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதில் போடு.

அறிவு


கருவேலம்பட்டி
30.01.2025

மிலிட்டரி தம்பிக்கு கிராம உதவியாளர் முனியசாமி வணக்கம். நாங்க சுகம். உங்க சுகத்துக்கும் குறை இருக்கக் கூடாது.

நீங்க அம்மாவுக்குப் போட்ட லெட்டரு இங்கனதான் கெடக்கு. அம்மா ஏழு வாரமா ஆபீசுக்கு வரல. பக்கத்து ஊரு வி.ஏ.ஓ. சார்தான் சேத்துப் பாக்குறாரு. மேல இருக்குற முகவரியப் பாத்து எழுதுறேன். நான் எழுதுனது யாருக்கும் தெரிய வேணாம். ரிட்டயராக எனக்கு ரெண்டு வருசந்தான் இருக்கு.

தம்பி, லாரிக்காரனுகளால அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. அவனுக போன வருசமே தாசில்தார் ஆபீசுல அபராதம் கட்டிட்டு, அம்மாவப் பாத்தா கும்புட்டுட்டுப் போறானுக. அம்மா ஆபீசுக்கு ரெண்டு மூணு தடவ கையில கட்டோட வந்துச்சு. ஒரு தடவ கழுத்துல சால்வை சுத்தி வந்துச்சு, சித்திரை வெயில்ல. கேட்டா, படியில சறுக்கிட்டேன்னு சொல்லும். நம்ம ஆபீசுல படியே கெடையாது தம்பி. தரையோட தரையாத்தான் இருக்கும். நான் அதச் சொல்லிக் காட்டுனதில்ல.

ஒருக்கா நானே சொன்னேன், வாங்கம்மா, ஸ்டேசனுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு. "அண்ணே, அந்த ஸ்டேசன்ல நான் அரசாங்கத்து ஆளா உக்காந்து எத்தன பேரு குடும்பத் தகராறுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அங்கிட்டுப் போயி எம் மூஞ்சிய எப்படிக் காட்டுறது. எந் தம்பி வருவான், அவங்கிட்டச் சொல்லிக்கிறேன்"னு சொல்லுச்சு.

உங்களத்தான் சொல்லுச்சு தம்பி.

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வெளிய தூரமா நின்னு பாத்தேன். வாத்தியாரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. ஆளு பாதியா இருக்கு. நீங்க ஏதாச்சும் எழுதுனா எம்பேருக்கு அனுப்புங்க. எம் மருமக அந்தச் சர்ச்சுல கூட்டுற வேலதான் பாக்குது. கையில குடுத்துரலாம்.

முனியசாமி


மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.
20.02.2025

அக்கா,

படித்ததும் கிழித்துப் போடு. அரிசியில் வைக்காதே.

முனியசாமி அண்ணன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கே எங்கள் பெரிய ஆபீசர் சி.ஓ. முன்னால் போய் நின்றேன். லீவு கொடுத்துவிட்டார். கையில் லீவு இருக்கிறது, இறங்க வழி இல்லை. கணவாயில் இருபது அடிப் பனி. ஐந்து நிமிஷம் போன் கொடுத்தார்கள். அதில் ஸ்டேஷனுக்குப் பேசினேன். மூன்று நாள் கழித்துத் திரும்பவும் பேசினேன், ஆளனுப்பிப் பார்த்தார்களாம். நீ வாசலில் நின்று "ஒன்றுமில்லை" என்றாயாம். பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டேன். லைன் போய்விட்டது. சி.ஓ. கலெக்டருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பட்டாளத்திலிருந்து போகும் கடிதத்தைக் கீழே போட மாட்டார்கள் என்கிறார்.

நான் எழுதியதையும் நீ எழுதியதையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐந்து கேள்விக்கும் நீ உண்மையைத்தான் எழுதியிருக்கிறாய். ஸ்கேல் வைத்து அளந்து எழுதியிருக்கிறாய். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவிவிட்டு யார் வருவார்கள்? வீட்டுக்காரன் வருவான். கதவைத் திறந்துவிட யாரும் வேண்டாம். நான் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தேன். ஒரு துப்பாக்கியில் அரை மில்லிமீட்டர் பிசகு இருந்தால் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவேன் என்று இங்கே எனக்குப் பேர்.

இன்னொன்று. துப்பாக்கி கிடைத்திருந்தாலும் உனக்கு உதவியிருக்காது. இரண்டு மீட்டருக்குள் அது யார் துப்பாக்கி என்பதை லைசென்ஸ் முடிவு செய்யாது, மணிக்கட்டுதான் முடிவு செய்யும். தொழில் தெரிந்த எவனும் முதல் கடிதத்திலேயே இதை எழுதி, "அக்கா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போ" என்று சொல்லியிருப்பான். நான் ரப்பர் பிடி போடச் சொன்னேன்.

சாவியையும் அவர் கையில் கொடுக்கச் சொன்னேன்.

இப்போது சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வீட்டுக்குத் திரும்பாதே. முனியசாமி அண்ணனின் மருமகளோடு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. பெண்களுக்கு உதவும் 181 நம்பருக்கு அவளை விட்டே பேசச் சொல். வேலையைப் பற்றி யோசிக்காதே, சர்டிபிகேட், நகை எதையும் எடுக்காதே.

முடியாவிட்டால், எனக்கு ஒரு கடிதம் போடு. அவர் சொல்லித்தான் எழுதுவாய், தெரியும். எதை வேண்டுமானாலும் எழுது. அதில் தூரத்தை மட்டும் எங்காவது சேர்த்துவிடு, எத்தனை மீட்டர் என்று. இந்தத் தடவை புரிந்துகொள்வேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் ரோடு திறக்கும் என்கிறார்கள். நாற்பது எண்ணுவாயே, எண்ணிக்கொண்டிரு.

அறிவு


கீரனூர்
16.03.2025

அன்புள்ள தம்பி அறிவுச்செல்வனுக்கு அக்கா இசைவாணி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நாங்கள் அனைவரும் நலம். அதுபோல் உன் நலத்தையும் அறிய ஆவல். தவக்காலம் என்பதால் வீட்டில் கறி மீன் எடுப்பதில்லை. பாப்பா முதல் ரேங்க் வாங்கியிருக்கிறாள்.

இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். அன்றைக்கு ஆபீஸ் படியில் சறுக்கினேன் அல்லவா, அந்த வலது கைதான் திரும்பவும் வீங்கிவிட்டது. வேறொன்றும் இல்லை.

கலெக்டர் ஆபீசிலிருந்து வந்து விசாரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் பெரிய ஆபீசரை வீணாகத் தொந்தரவு செய்ததற்கு மாமா வருத்தப்பட்டார். ஆனாலும் உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. வேலையை ராஜினாமா செய்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். பூசைக்கும் இப்போது போவதில்லை. சாமியார் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுக்கிறார்.

துப்பாக்கி பற்றிக் கேட்டதெல்லாம் என் புத்தி சரியில்லாத நேரத்தில் கேட்டது. மறந்துவிடு. இனிமேல் கடிதங்களை வீட்டு முகவரிக்கே போடு. முனியசாமி அண்ணனுக்கு எதுவும் எழுத வேண்டாம். அவர் மருமகளுக்கும் சர்ச்சில் வேலை போய்விட்டது.

நீ ஊருக்கு வர அவசரப்பட வேண்டாம். பாப்பா அந்த மத்தாப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மாமா என்னைத் தனியாக விடுவதே இல்லை. இதை எழுதும்போதும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார். அரை மீட்டர்கூட இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
திருமதி இசைவாணி பீட்டர்